பெரும்பாடு

பொறுமை ஒரு நற்குணமா? இப்படிக் கேட்பவனைப் பைத்தியக்காரன் என்பீர்கள். பூமாதேவியை உதாரணம் காட்டியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். என் நாவல்களிலும் இரண்டு மூன்று கதாநாயகிகள் வாய் திறவாமல் சகித்தே வாசகர்களின் கண்ணீரைச் சம்பாதித்திருக்கிறார்கள். அவர்களையெல்லாம் என் அக்காவைப் பார்த்துத்தான் எழுதினேன்.

சில வருஷங்களுக்கு முன், அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துகொள்வாள். "வயசாச்சுடா" என்பாள். ஒரு கல்யாண வீட்டில் மயங்கி விழுந்த பிறகே விஷயம் வெளிவந்தது. மூன்று வருஷமாக, மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலே சோகையாம், அவளுக்கு 6. கர்ப்பப்பையில் ஒரு தசைக்கட்டி; நல்ல வேளை, புற்று அல்ல.

"ஏன் அக்கா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதோ?" என்றேன்.

"இதைப் போய் யார்கிட்டேடா சொல்றது? எல்லாப் பொம்மனாட்டிக்கும் உள்ளதுதானே!"

எவ்வளவு போனால் அதிகம் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அதற்கு ஒரு கணக்கு இருந்ததாம். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்துப் பெண்கள் 476 பேரை ஆராய்ந்து, மாதம் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று 1966-இல் வகுத்தார்கள். ஆனால் எந்த வீட்டில் எந்தப் பெண் இதை அளந்து பார்க்கப் போகிறாள்? 2007-இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி வேறு விதமாகச் சொல்லிற்று. அவளுடைய உடலையோ மனத்தையோ அன்றாட வாழ்க்கையையோ அது பாதிக்கிறதென்றால் அதுவே அதிகம். எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், 24 நாளுக்குள் திரும்பி வந்தாலும், நடுவில் தலைகாட்டினாலும் காரணத்தை விசாரிக்க வேண்டும். கட்டியோ, தைராய்டுக் கோளாறோ, ரத்தம் உறைவதில் குறையோ, சில சமயம் புற்றோ காரணமாக இருக்கலாம்.

யோசித்துப் பார்த்தேன். இங்கே அளவுகோல் அந்தப் பெண்ணின் வாய்ச்சொல். அவள் வாயை மூடிக்கொண்டால் வைத்தியத்தின் கண்ணும் மூடிப்போகிறது. அவள் வாயை மூடியது யார்? 'பொறுமைசாலி' என்று பட்டம் கொடுத்த நாம்தான். தீராத துன்பத்தில் பொறுமை மகத்தானது, சந்தேகமில்லை. தீர்க்கக் கூடிய துன்பத்தில் அது சுற்றியிருப்பவர்களின் சௌகரியம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அவர்களில் எத்தனை பேர் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து, "வயசாச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ!

நம் பழைய வைத்தியத்தில் இந்த நோய்க்குப் 'பெரும்பாடு' என்று பெயர். பெயர் வைத்தவர் ரத்தத்தை அளக்கவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறார். அதே வீட்டில் இருந்த நான், அவளைப் பார்த்துக் கதையே எழுதிய நான், அதைப் பார்க்கவில்லை.

கர்ப்பப்பையை எடுக்காமலே, கட்டியை மட்டும் அகற்றி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துத் தேற்றினார்கள். அக்கா இப்போது மாடிப்படியில் உட்காருவதில்லை. அண்மையில் என் பழைய நாவல் ஒன்றைப் படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"என்னைப் பார்த்து எழுதினதா சொன்னியே, அந்தப் பொண்ணை யாராவது ஒரு டாக்டர்கிட்டே அழைச்சுண்டு போயிருக்கக் கூடாதாடா?"