பாங்காய் மீனும் வீட்டுத் தொட்டியும்

வீட்டில் வைக்கும் சிறிய பவளப்பாறைத் தொட்டிக்கு, அதாவது கடல்நீரில் உயிருள்ள பவளங்களையும் அவற்றைச் சார்ந்த உயிர்களையும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு, எளிதில் கிடைக்காத மீனைத் தேடி வாங்குவது தவறா என்று பொதுப்படையாகக் கேட்டால் விடை தேறாது. மீனுக்கு மீன் நிலைமை வேறுபடுகிறது. ஆகவே ஒரு மீனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வதே முறை. அதற்குப் பாங்காய் கார்டினல் மீன் மிகவும் ஏற்றது.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்குக் கிழக்கே உள்ள பாங்காய் தீவுக்கூட்டத்தின் ஆழமற்ற கரையோரக் கடலே இம்மீனின் தாயகம். வெள்ளி உடலில் கரும்பட்டைகளும், வெண்புள்ளிகள் தெளித்த நீண்ட துடுப்புகளும் கொண்ட இது ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் வரை வளர்கிறது. 1933-இல் அறிவியல் பெயர் பெற்றும் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்த இம்மீன், 1990-களின் நடுப்பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டதும் உலகெங்கும் தொட்டி வளர்ப்போரின் விருப்பமாயிற்று. பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வாயில் ஏந்தி, ஏறத்தாழ மூன்று வாரம் இரையெடுக்காமல் அடைகாக்கிறது. பொரித்த குஞ்சுகளையும் சில நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, பெற்றோரைப் போன்றே உருவெடுத்த பிறகுதான் வெளியே விடுகிறது. வெளிவந்த குஞ்சுகள் கடல் முள்ளெலியின், அதாவது உடலெங்கும் நீண்ட முட்கள் கொண்ட உருண்டை உயிரினத்தின், முட்களுக்கிடையே ஒண்டிக்கொள்கின்றன.

கடல் மீன்களில் பெரும்பாலானவற்றின் இளம் உயிர்கள் நீரோட்டத்தில் நெடுந்தொலைவு மிதந்து சென்று புதிய இடங்களில் குடியேறுகின்றன. பாங்காய் மீனுக்கு அந்த மிதக்கும் பருவமே இல்லை. எனவே ஒரு விரிகுடாவில் உள்ளவற்றைப் பிடித்துத் தீர்த்துவிட்டால், அடுத்த தீவிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப எதுவும் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 7 முதல் 9 லட்சம் மீன்கள் வரை வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டதாகவும், 2007-ஐ ஒட்டிய காலத்தில் கடலில் மொத்தம் ஏறக்குறைய 24 லட்சமே இருந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2007-இல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. ஒரே ஒரு மீனை வாங்குவதால் என்ன குறைந்துவிடும் என்று வாங்குபவர் கேட்கலாம். ஆனால் கடைக்கு வந்து சேர்வது ஒன்று என்றால், பிடிக்கும்போதும் தேக்கி வைக்கும்போதும் விமானப் பயணத்திலும் இறந்தவை கணக்கில் ஏறுவதில்லை. அவற்றின் விலையும் அந்த ஒரு மீனின் விலைக்குள் அடங்கியிருக்கிறது.

இதைச் சொல்வது மீன் பிடிக்கும் தீவு மக்கள் மீது பழி சுமத்துவதாகாது. இறுதி விலையில் அவர்கள் கைக்குச் சேர்வது மிகச் சிறு பங்கு. அதையும் இழந்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்பது வாங்க மறுப்பவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. தொட்டியில் பிறந்த மீனை வாங்குவது சரியான தேர்வுதான். தாய்லாந்தில் இம்மீன் பெருமளவில் வளர்த்து ஏற்றுமதி செய்யப்படுகிறது; பெரிதாகவே பிறக்கும் குஞ்சுகள் புதிதாகப் பொரித்த ஆர்டீமியாவை, அதாவது உவர்நீரில் வாழும் நுண்ணிய இறால் வகையை, முதல் நாளே உண்ணத் தொடங்குவதால் வீட்டிலும் வளர்க்க முடிகிறது. இருந்தும் அந்தத் தேர்வால் பாங்காய் மக்களுக்கு ஒரு காசும் போய்ச் சேர்வதில்லை. வளர்ப்பு மீன்களின் மூதாதையர் அவர்கள் கடலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை நினைத்தால், இதில் தீராத கடன் ஒன்று எஞ்சுகிறது.

பேசப்படாத தீங்கு வேறொன்றும் உண்டு; அது தொட்டிக்குள்ளேயே நிகழ்கிறது. ஆணையும் பெண்ணையும் பார்வையால் பிரித்தறிவது கடினம் என்பதால், ஐந்தாறு குஞ்சுகளை ஒன்றாக வாங்கி, அவற்றுள் ஓர் இணை தானே அமையும்வரை காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. இணை சேர்ந்ததும் அவ்விரண்டும் மற்றவற்றைத் துரத்துகின்றன. ஒதுங்க இடமில்லாத சிறு தொட்டியில், துடுப்பு கிழிந்த மீன்கள் மேல் மூலையில் நின்றபடி இரையை மறந்து ஒவ்வொன்றாக இறக்கின்றன. அவை கடலில் பிறந்தவையா பண்ணையில் பிறந்தவையா என்பது இந்த வதையில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்குவதில்லை. அரிய மீன் என்று ஆசைப்பட்டு வாங்கியவற்றுள் நான்கைச் சாகவிட்டு இரண்டை வைத்துக்கொள்ளும் முறையை, தொட்டியின் அளவைக் காரணம் காட்டி நியாயப்படுத்த இயலாது. முன்பே இணை சேர்ந்த மீன்களை வளர்ப்பவரிடமிருந்து பெற முடியாதபோது, ஒற்றை மீனோடு நிற்பதோ வாங்காமல் விடுவதோதான் வழி.

உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் இம்மீனைக் கொண்டுவர 2007-இலும் 2016-இலும் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. உடன்படிக்கை விட்டுவைத்த இடத்தில் விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவர்மீதே விழுகிறது: எந்தப் பண்ணையில் பிறந்தது, எத்தனை வாரமாகக் கடையில் இருக்கிறது, கண்ணெதிரே உலர் தீனியை உண்கிறதா. இவற்றுக்கு விற்பவர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், எத்தனை மாதம் தேடிய மீனாக இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.