செங்கோல் கைமாறிய பின்

ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுக்கு மண் சுமந்த லீலைக்காகத் திருப்பரங்குன்றத்து முருகன் தெய்வானையோடு மதுரைக்குப் புறப்படுவார். பசுமலை, பழங்காநத்தம் என்று சாலையோரம் ஜனம் காத்து நிற்கும். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருவார். முருகன் வருவது தாய் தகப்பனைப் பார்க்க. மாணிக்கவாசகர் கதை வேறு. அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சரான அவர், குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார். அதில் தொடங்கியதுதான் இந்த லீலை.

பதவியில் இருப்பவர் கையில் சேர்வதில் எது அவருடையது, எது ஊர் ஒப்படைத்தது? அமைச்சருக்கும் மேயருக்கும் பொதுவான கேள்வி இது. பதவி முடிந்தபின் அது இன்னும் கூர்மையாகிறது.

நியூயார்க் மேயராக 8 ஆண்டுகள் இருந்த ரூடி ஜூலியானி, 2001 முடிவில் பதவியை விட்டிறங்கினார். அடுத்த மாதமே ஜூலியானி பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் தொடங்கிவிட்டது. குற்றங்களைக் குறைக்க மெக்சிகோ சிட்டி அவரை அழைத்தது. கார்லோஸ் ஸ்லிம் முதலான தொழிலதிபர்கள் 43 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 2003-இல் 146 பரிந்துரைகள் வந்தன. இதில் குறை சொல்ல அதிகமில்லை. நகரத்தை நடத்திப் பழகியவர், கற்றதை இன்னொரு நகரத்துக்குச் சொல்லிக் கூலி வாங்கினார்.

ஆனால் ஆக்சிகான்டின் என்ற வலிநிவாரணியைத் தயாரித்த பர்டூ ஃபார்மாவும் 2002-இல் அவரை அமர்த்தியது. அந்த மருந்துக்கு அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக, பர்டூவைச் சேர்ந்த நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மருந்துக் கம்பெனிக்கு அவரிடம் தேவைப்பட்டது நகராட்சி அனுபவம் மட்டுமா? இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாளில் மக்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கையும் அந்த விலையில் சேர்ந்திருந்தது. அந்த நம்பிக்கையை விற்கும் உரிமையை அவருக்கு யாரும் தரவில்லை.

அனுபவத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள இந்த வேறுபாடு நம் அரசியல் சாசனத்துக்குத் தெரியும். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காடக் கூடாது. தலைமைத் தணிக்கையாளராக இருந்தவர் பிறகு அரசுப் பதவி ஏற்கக் கூடாது. பணி விதிகளின்படி, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். ஓட்டு வாங்கி மேயரானவருக்கோ அப்படித் தடை எதுவும் இல்லை.

சைவ மரபு மாணிக்கவாசகரை நால்வரில் ஒருவராக வணங்குகிறது. அதனாலேயே கதையின் கடுமை கவனிக்க வேண்டியது. அவர் ஒரு காசுகூடத் தனக்கென எடுக்கவில்லை, செலவிட்டது சிவனுக்கு. ஆனாலும் கணக்கு கேட்கப்படுகிறது. நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மறுபடி நரிகளாகி ஊளையிடுகின்றன. அமைச்சராக இருந்தவர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்படுகிறார். ஆற்றில் வெள்ளம் பெருகுகிறது. கரையடைக்க வீட்டுக்கொரு ஆள் வர வேண்டும் என்கிறான் அரசன். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கி மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படியும் படுகிறான். பணம் தெய்வத்துக்குப் போனது என்பதால் அது அரசன் பணம் இல்லை என்றாகிவிடவில்லை. நல்ல நோக்கம் ஒப்படைப்பை ரத்து செய்யாது என்பதை, சிவனடியாரை வைத்தே சொல்லும் துணிவு இந்தக் கதைக்கு உண்டு.

தெய்வங்களுக்கே மதுரையில் ஆட்சிக்காலம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சித்திரையில் பட்டாபிஷேகம் கண்டு செங்கோல் ஏற்கும் மீனாட்சி நான்கு மாதம் ஆள்கிறாள். ஆவணியில் அது சுந்தரேசுவரர் கைக்கு மாறுகிறது.

பதவியை விட்டு வெறுங்கையோடு இறங்கிய மனிதரும் இந்த மண்ணில் உண்டு. மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பத்தாண்டுகள் காமராசர், பக்தவத்சலம் ஆகியோரின் அமைச்சரவைகளில் இருந்தார். காவல் துறையும் அவரிடம் இருந்தது. 1967 தேர்தலில் தோற்றபின் பஸ்ஸில்தான் போய்வந்தார். மதுரையின் முதல் மேயரான முத்து அரசு மருத்துவமனையில் இருந்தபோது, அவரைப் பார்க்க முதல்வர் எம்.ஜி.ஆர். வந்தார். அதே மருத்துவமனையின் பொது வார்டில் கக்கன் கிடப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கக்கன் அளவுக்கு வறுமையை ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. முன்னாள் மேயருக்கும் குடும்பம் உண்டு, பிழைப்பு வேண்டும். குடிநீர்த் திட்டமோ குப்பை மேலாண்மையோ தெரிந்தவர் அதைச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கட்டும். தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கம்பெனிக்கு மட்டும், அதிகாரிக்கு உள்ளதுபோல ஓராண்டாவது ஆலோசகராகக் கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டும்.