மாறுவதும் மாறாததும்

எப்பொருளும் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்று தன்மைகளையும் ஒருங்கே உடையது என உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உணர்த்துகிறார். பித்தளைக் குடத்தை உருக்கிக் குத்துவிளக்காக வார்த்தால் குடம் அழிகிறது, விளக்கு தோன்றுகிறது, பித்தளை நிலைத்திருக்கிறது. ஆலயத்தில் நாம் கேட்கும் இவ்வுண்மை அங்காடிக்கும் பொருந்துமா?

கும்பகோணத்தில் பாத்திரக் கடை நடத்தும் ஒருவர் நம்மிடம் பயின்றவர். அவருடைய பாட்டனார் காலத்தில் கடை முழுதும் பித்தளையும் செம்புமே நிறைந்திருந்தன. பின்னர் எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, ஈயம் பூசுவோர் அருகினர். தந்தையார் திருமணங்களுக்குப் பாத்திரங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காத்தார். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதும் அவ்வருவாயும் நின்றது. அண்டாக்கள் பரணில் உறங்கின. மகனோ தளரவில்லை. பாத்திரங்களைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பினார். தளர்வுகள் வந்தபின் கேட்டவர் வீட்டிற்கே கொண்டு சேர்த்தார். கைபேசி வழியே பணம் பெறவும் கற்றார்.

சென்ற ஆண்டு பேத்தியின் திருமணச் சீர்ப் பாத்திரங்கள் வாங்க அக்கடைக்குச் சென்றோம். தொகை கூடியதைக் கண்டு, "பில் வேண்டாமே, வரியைக் கழித்துக் கொடுத்துவிடுங்களேன்" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், 2017 ஜூலையில் இந்த வரி வந்தது முதல் நாள்தோறும் இதைக் கேட்கிறார்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாவற்றிலும் மாறிவிட்டேன். நீங்கள் சொன்னால் இதிலும் மாறிவிடுகிறேன்" என்றார். நாம் தலைகுனிந்தோம். ரசீதுடனேயே வாங்கி வந்தோம்.

கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து. களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரசின் விதியை மீறுதல், கள்ள அளவைகளைக் கையாளுதல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. ரசீதின்றி விற்றிருந்தால் மூன்றாவது குற்றம் அவரைச் சாரும். அவ்வாறு விற்கச் சொன்ன நம்மை முதற்குற்றமே சாரும். வணிகர் வழுவுகிறார் என்று பழிப்பது எளிது. அவரை வழுவச் செய்யும் கை பெரும்பாலும் வாங்குவோர் கையே.

"கடை பிழைத்தால்தானே அறமும் பிழைக்கும்?" என்று கேட்கலாம். மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் நாம் இதற்கு விடை கூறுதல் எளிது. வாடகையும் கூலியும் தரவேண்டியவர்க்கு எளிதன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மூன்று தலைமுறைகளாகச் சரக்கு மாறிற்று. விற்கும் முறை மாறிற்று. நாணயம் மாறாததால்தான் அக்கடைக்கு மக்கள் மீண்டும் மீண்டும் வருகின்றனர். குடம் விளக்காகலாம், பித்தளையே கெட்டால் எதை வார்ப்பது?

சிறு வணிகர்க்குக் காலத்தோடு மாறும் திறமை வேண்டும். அதனை அவர்கள் தாமே கற்றுக்கொள்வர். மாறாமல் நிற்கும் வலிமையோ அவர்களால் மட்டும் ஆவதன்று. அதற்கு நம் துணை வேண்டும். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது நாமே முன்வந்து ரசீது கேட்போம். இல்லறத்தார் நோற்கத்தக்க எளிய விரதம் இது.