துன்பத்தின் உடனே ஒரு குளிர்ச்சி

“ஐந்து நேரமும் தொழுகிறோம், ஓதுகிறோம், அழுது துஆவும் கேட்கிறோம். ஆனாலும் நெஞ்சில் எரிகிற தீ அணையவில்லையே! அல்லாஹ் எங்களைக் கைவிட்டுவிட்டானா?”

சோதனைக்கு ஆளான வீடுகளில், பெரும்பாலும் நம் பெண்மக்களின் வாயிலிருந்து, இந்தக் கேள்வி வருகிறது. கேட்ட மாத்திரத்திலேயே, “அஸ்தஃபிருல்லாஹ் சொல்லு, அப்படியெல்லாம் பேசாதே” என்று அதட்டி அடக்குவோரும் அதே வீட்டில் இருக்கிறார்கள். அதட்டினால் வாய் மூடிக்கொள்ளும். கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு சற்று ஆராய்வோம்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் கடல் வந்துவிடும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை சுமத்ரா தீவின் அருகே பூமி நடுங்க, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வரையிலும் அதற்குத் தெற்கேயும் மீனவர் குப்பங்களுக்குள் கடல் புகுந்தது. அணுமின் நிலையத்து ஊழியர்களின் குடியிருப்பிலும் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. தமிழகம் முழுவதிலும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தின் இழப்புதான் அதில் மிகப் பெரிது.

அந்த நாட்களில், “இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை” என்று முழங்கியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். நம்மிலும் இருந்தார்கள். தாய் மடியிலிருந்து அலை பறித்துக்கொண்ட பச்சைக் குழந்தை செய்த பாவம் என்ன என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. நீரில் மூழ்கி மரணித்த முஃமினை ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்துச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபியவர்கள் மரியாதை கொடுத்த இடத்தில் நாம் பழி போடலாமா? தன்னுடைய பாவத்தைத் தான் நினைத்துத் தவ்பாச் செய்வது நல்ல காரியம். அடுத்தவருடைய முஸீபத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்வது நம் வேலையே அல்ல.

இனிக் கேள்விக்கு வருவோம். அல்லாஹ் கைவிட்டானா என்ற சொல் நமக்கு வெகு காலம் முன்னரே மக்காவில் எழுந்த சொல்தான். வஹீ வருவது சில காலம் நின்றிருந்தபோது, முஹம்மதை அவருடைய ரப்பு விட்டுவிட்டான் என்று குறைஷிகள் கேலி பேசினார்கள். அதன் பிறகு இறங்கியதுதான் சூரா வள்ளுஹா. உம் ரப்பு உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்று அது உறுதி கூறுகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, வஹீ நின்றிருந்த அந்த இடைக்காலத்தைத்தான். வானம் மௌனமாக இருந்த நாட்களிலும் நாயகம் (ஸல்) அவர்கள் ஹபீபாகவே இருந்தார்கள். மௌனம் கோபத்துக்கு அடையாளமாக இருக்கவில்லை. நெஞ்சு வறண்டுகிடப்பதையே, தான் ஒதுக்கப்பட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் சகோதரி அந்தச் சிறிய சூராவை ஒருமுறை பொருளோடு ஓதிப் பார்க்கட்டும்.

வள்ளுஹாவை அடுத்து வருவது சூரா அலம் நஷ்ரஹ். கஷ்டத்துடன் இலேசு உண்டு என்ற கருத்து அதில் இரண்டு முறை திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே வரும் அரபுச் சொல் ‘மஅ’. அதற்கு ‘உடன்’ என்று பொருள். ‘பிறகு’ என்று பொருளல்ல. பிறகு என்ற சொல்லும் திருமறையில் இல்லாமல் இல்லை. சூரா தலாக்கில் கஷ்டத்துக்குப் பின் இலேசு என்றே வருகிறது. ஆனால் அங்கே பேச்சு கைப்பொருளைப் பற்றியது. வசதி குறைந்தவன் தன் சக்திக்கு ஏற்பச் செலவழிப்பதைப் பற்றியது. பணக்கஷ்டம் தீருவதற்கு நாள் பிடிக்கும். மனத்துக்கு வரும் குளிர்ச்சியோ கஷ்டம் தீரும்வரை காத்திருப்பதில்லை, அதனோடு கூடவே இருக்கிறது. நம்மில் பலர் ‘பிறகு’ வரப்போவதையே பார்த்துக்கொண்டிருப்பதால், ‘உடன்’ வந்திருப்பதைக் கண்டுகொள்ளாமல் போகிறோம் என்று நமக்குத் தோன்றுகிறது.

தாயிபை எடுத்துக்கொள்வோம். நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்தார்கள். பெரிய தந்தை அபூதாலிபும் இறந்தார். வீட்டுக்குள் இருந்த ஆறுதலும் வெளியே இருந்த காவலும் ஒரே ஆண்டில் போய்விட்டன. துக்க ஆண்டு என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. ஆதரவு கிடைக்கும் என்று ஸைது (ரலி) அவர்களுடன் தாயிபுக்குச் சென்றார்கள். அங்கே கல்லடி கிடைத்தது. பாதம் இரத்தத்தில் நனைய, ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தின் நிழலில் அமர்ந்து நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட துஆவைச் சீறா நூல்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. தம் பலவீனத்தை அவர்கள் ரப்பிடம் முறையிட்டார்கள். யாரிடம் என்னை ஒப்படைக்கிறாய் என்று கேட்டார்கள். உனக்கு என்மேல் கோபம் இல்லையென்றால் இதை நான் பொருட்படுத்தமாட்டேன் என்றும் சொன்னார்கள். கேள்வியும் இருக்கிறது, சரணாகதியும் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணை அதட்டுகிறோமே, அவள் கேட்டது இதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

அந்தத் தோட்டம் நபியவர்களின் விரோதிகளான உத்பா, ஷைபா என்ற சகோதரர்களுடையது. அவர்களே மனம் இளகி, அத்தாஸ் என்ற தங்கள் அடிமையிடம் ஒரு குலை திராட்சையைத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். நீனவா ஊரைச் சேர்ந்த அந்தக் கிறிஸ்தவர், நாயகம் (ஸல்) அவர்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டதைக் கேட்டு வியந்தார். தம் ஊரைச் சேர்ந்த யூனுஸ் (அலை) அவர்களைப் பற்றிப் பேசக் கேட்டதும் அவர்களை முத்தமிட்டார். தாயிப் மக்கள் திருந்திவிடவில்லை. காயமும் ஆறிவிடவில்லை. கல்லடி பட்ட அதே நாளில், எதிரியின் தோட்டத்திலிருந்து, ஓர் அடிமையின் கையால் குளிர்ந்த பழம் வந்தது. மிஃராஜின் மகத்துவத்தைத் தாயிபின் துயரத்தோடு சேர்த்துப் பேசாத பயான் இல்லை. இந்தத் திராட்சைக் குலையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

திருமறை சொல்லும் ஆறுதல்களில் தண்ணீர் வெகுவாக வருகிறது. நீண்ட நோயில் நலிந்த ஐயூப் (அலை) அவர்களுக்கு, காலால் நிலத்தைத் தட்டும்படி கட்டளை வந்தது. குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைத்தது. பிரசவ வேதனையில், தாம் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று சொல்லிப் பேரீச்ச மரத்தடியில் சாய்ந்த மர்யம் (அலை) அவர்களின் கீழே ஓர் ஓடை காட்டப்பட்டது. அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். ஓடிய இடத்தில் தண்ணீர் வரவில்லை. கிடத்திவிட்டு வந்த பிள்ளையின் பக்கத்தில் வந்தது.

நம் பகுதி வாசகர்களுக்கு இது விளங்கக் கஷ்டம் இல்லை. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வருகிற பாலாறு, நம் பக்கத்தில் வாயலூர் அருகே கடலில் சேருகிறது. 2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வரும் சில நாட்கள் போக, ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல்தான். பாலத்தின்மேல் பேருந்தில் போகிறவர், ஆறு செத்துவிட்டது என்பார். ஆற்றங்கரையில் குடியிருப்பவர் அப்படிச் சொல்லமாட்டார். மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த மணலையே லாரி லாரியாக அள்ளிப்போனால் ஊற்றும் போய்விடும் என்பதும் தெரியும். நெஞ்சு வறண்ட காலத்தில், “ருசி இல்லாமல் தொழுது என்ன பயன்?” என்று அன்றாடத் தொழுகையையும் ஓதலையும் விட்டுவிடுகிறவர்களைக் காணும்போது நமக்கு அந்த லாரிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

தொழுகையைக் கடமை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கடமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லப் பணித்தபோது, தொழுகையைக் கொண்டு நமக்கு இளைப்பாறுதல் தாரும் என்ற கருத்தில் சொன்னார்கள். தொழுது இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறுவது வேறு, தொழுகையிலேயே இளைப்பாறுவது வேறு. மனம் உடைந்தவர் அதிகமாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை. நிதானமாக ஒளுச் செய்யட்டும். முகத்தில் படும் தண்ணீரை உணரட்டும். ஸஜ்தாவில் நெற்றியை வைத்து அவசரப்படாமல் இருக்கட்டும். ஸலாம் கொடுத்தபின், மனனம் செய்த அரபு துஆ வராவிட்டாலும், தாய்மொழியில் மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடட்டும். அழுகை வந்தால் அழட்டும்.

அழுகை பற்றியும் சொல்லவேண்டும். மகன் இப்றாஹீம் மடியில் உயிர் துறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். தாங்களுமா என்று வியந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, இது ரஹ்மத்து என்று விடை கிடைத்தது. அழகிய பொறுமை என்ற சொல்லைத் திருமறையில் சொன்னவர் யஃகூப் (அலை) அவர்கள். அழுதழுது கண் வெளுத்துப் போனவரும் அதே யஃகூப் (அலை) அவர்கள்தாம். ஸபுரும் கண்ணீரும் ஒரே வீட்டில் இருக்கும். மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதைத்தான் மார்க்கம் தடுத்தது.

கபுரின் அருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அல்லாஹ்வை அஞ்சிப் பொறுமையாக இரு என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். யார் என்று அறியாமல் அந்த அம்மையார், என் துயரம் உமக்கு வரவில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார். நபியவர்கள் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் அப்பால் சென்றார்கள். பின்னர் யார் என்று தெரிந்து அந்த அம்மையாரே வாசல் தேடி வந்தபோதுதான், பொறுமை என்பது முதல் அடி விழும்போது இருப்பது என்று விளக்கினார்கள். உபதேசம் செய்யப் போகிறவர்கள், சொல்லிய சொல்லை மட்டும் மனனம் செய்யாமல், விலகி நடந்த நடையையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

ஜஃபர் (ரலி) அவர்கள் முஅத்தாவில் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்புங்கள், அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் நபியவர்களின் ஏற்பாடு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மையித்து வீட்டில் ‘தல்பீனா’ காய்ச்சச் சொல்வார்கள். மாவைக் கொண்டு காய்ச்சும் ஒருவகைக் கஞ்சி அது. நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துக் கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாக அறிவித்தார்கள். கவலை முழுவதையும் என்று சொல்லவில்லை, கொஞ்சத்தை என்றார்கள். அந்த அளவு நமக்குப் பிடித்திருக்கிறது.

2004 சுனாமி நாளில் பரங்கிப்பேட்டையில் ஒரு திருமண விருந்துக்காகச் சமைத்த சோறு, கடலோரக் குப்பங்களிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்தவர்களுக்குப் பரிமாறப்பட்டது. அவ்வூர் ஜமாஅத்தார் தொடர்ந்து சமைத்துப் போட்டார்கள். மாண்டவர்களை அடக்கம் செய்யவும் உதவினார்கள். உண்டவர்களில் பெரும்பாலோர் மாற்று மதத்து மீனவர்கள். “அல்லாஹ் எங்கே இருந்தான்?” என்று அன்று கேட்டவர்களுக்கு, அந்தச் சோற்றுப் பானையையும் காட்டலாம்.

இன்றோ நம் ஊர்களில் காரியம் தலைகீழாக நடக்கிறது. மையித்து வீட்டுக்கு மூன்று நாள் சோறு அனுப்பும் நல்ல வழக்கம் சில இடங்களில் தேய்ந்து வருகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்த வீட்டாரே பிரியாணி ஆக்கிப் போடவேண்டியிருக்கிறது, சிலர் கடன் வாங்கி. மூன்றாம் நாளோ நாற்பதாம் நாளோ கூட்டத்துக்குக் குறைவிருக்காது. நாற்பது கழிந்தபின் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் கணக்கு. அவளுக்கு இன்னும் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் பகல் பத்து மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும்.