சூரைச்செடியின் கீழே



1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கர்மேலில் வானத்து அக்கினியைக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலே ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்கிறான். விசுவாசம் இல்லாதவனா அவன்? அவன் ஜெபித்து மூன்றரை வருஷம் மழை நின்றதே! அவனுக்கே மனம் உடைந்துபோயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துக்குள் போகிறான். மனம் சோர்ந்தவர்கள் இப்படித்தான். ஆராதனைக்கு வந்தாலும் கடைசியில் உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னே எழுந்து போய்விடுவார்கள். நாமோ, "பின்மாற்றத்துல போயிட்டாங்க"ன்னு பேசிக்கொள்கிறோம்.

கர்த்தர் என்ன செய்தார்? பிரசங்கம் பண்ணவில்லை. (எங்களைப்போன்ற ஊழியக்காரருக்கு இது கொஞ்சம் கஷ்டமான பகுதிதான்!) தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். திரும்பவும் தூக்கம், திரும்பவும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான், ஓரேபிலே பேச்சு. அங்கேயும் எலியா அதே புலம்பலை இரண்டு தரம் சொல்கிறான். "இதத்தான் முன்னாடியே சொன்னியே"ன்னு கர்த்தர் அவன் வாயை அடைக்கவில்லை. இரண்டு தரமும் கேட்டார்.

நம்முடைய சபையில் ஒரு சகோதரி. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போயிற்று. பிள்ளை அழுதாலும் தூக்கமாட்டார்கள். "நான் இல்லாட்டி என் பிள்ளைங்க நல்லா இருக்கும் பாஸ்டர்" என்று என்னிடமே சொன்னார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர், இது அசுத்த ஆவி, மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று சொல்லி, அதை எறியவைத்தார். மூன்றாம் வாரம் ராத்திரியில் சகோதரி கிணற்றடியில் நின்றதை பக்கத்து வீட்டு அம்மா பார்த்தார்கள். கர்த்தருடைய கிருபை, பார்த்தார்கள்! அந்த ராத்திரியே ஜெபித்து, அவர்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, நானும் என் மனைவியும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு இது, குணமாகிற வியாதி என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் ஆகுமாம். நல்லா இருக்கே என்று டாக்டரைக் கேட்காமல் நாமாக நிறுத்தக்கூடாதாம். சகோதரி இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். கைதட்டிப் பாடவும் செய்கிறார்கள்.

வியாதியஸ்தரைச் சுகமாக்கின பவுல் அப்போஸ்தலன் தன்னோடு ஒரு வைத்தியனையும் வைத்திருந்தார். கொலோசெயர் 4:14-ல் லூக்காவை அன்போடு அப்படித்தான் எழுதுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை நாம் அவிசுவாசி என்கிறோமா? மனதுக்கு மட்டும் ஏன் வேறே சட்டம்?

சட்டம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஜெபவீடு என்கிறதினாலே நமக்கு விலக்கு இல்லை.

எலியாவுக்குக் கர்த்தர் கடைசியில் ஒரு ஆளைக் கொடுத்தார், எலிசாவை. ஆகவே பிரியமானவர்களே, அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும்போது முதலில் சாப்பாடு கொண்டுபோங்கள். அம்மா தூங்கட்டும், கைப்பிள்ளையை நீங்கள் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். "சாகணும்போல இருக்கு"ன்னு யாராவது சொன்னால் பதறிக் கடிந்துகொள்ளாதேயுங்கள், தனியே விட்டுவிட்டும் வராதேயுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். அரசாங்கம் 2022-ல் தொடங்கின டெலி மானஸ் அது. ராப்பகலாக, தமிழிலேயே, இலவசமாகப் பேசுவார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவர ஆள் இல்லாதவர்கள், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் என் மனைவியிடம் சொல்லுங்கள். பெயரைச் சபையில் வாசிக்கமாட்டோம். சுகமானபிறகு சாட்சி சொல்லு என்று மேடைக்குக் கூப்பிடவும் மாட்டோம்.