ஓய்வுக்குப் பின் வரும் நாற்காலி

வெள்ளவத்தைப் பாடசாலை வகுப்பொன்றில், குடியியற் கல்விப் பாடவேளையில், மாணவி ஒருத்தி நம்மை வினவினாள்: ஓய்வுபெற்ற நீதிபதிக்கு அரசாங்கம் பதவி அளித்தல் முறையாகுமா?

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. தோற்ற வழக்கின் கட்டுடன் புதுக்கடைக்குப் பேருந்தேறும் ஏழையை எண்ணிப் பார்த்தோம். எதிராளியோ அரசாங்கம். மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதி எவரிடமும் எதனையும் எதிர்பாராதவர் என்னும் நம்பிக்கை ஒன்றே அவனுடைய செல்வம்.

அந்நம்பிக்கையைக் காக்க அரசியலமைப்பு வேலியிட்டுள்ளது. மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி 63 வயதிலும், உயர் நீதிமன்ற நீதியரசர் 65 வயதிலும் ஓய்வுபெறுவர். நியமனத்தின் பின் அவர்தம் சம்பளத்தைக் குறைத்தலாகாது. ஓய்வின் பின்னும், சனாதிபதியின் எழுத்துமூலமான இசைவின்றி அவர்கள் சட்டத்தரணியாக மன்றேறலாகாது. ஆனால் அரசாங்கம் நீட்டும் பதவியை ஏற்கத் தடையில்லை. முன்வாயிலை அடைத்துப் பின்வாயிலைத் திறந்துவைத்த கதையன்றோ இது!

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை ஒன்பது நீதியரசர்கள் ஆராய்ந்தனர், கருத்துப் பிளவுபட்டது. மாகாண சபை முறை ஒற்றையாட்சிக்கு முரணன்று என்றார் பிரதம நீதியரசர் சர்வானந்தா. 1988இல் ஓய்வுபெற்ற அவரே, அம்முறையின் கீழ் மேல் மாகாண ஆளுநரானார். அவருடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை. நேர்மையாளரையும் ஐயத்துக்கு இலக்காக்கும் வழக்கத்தையே கண்டிக்கிறோம். இந்தியாவிலும் 2014இல் தலைமை நீதிபதி சதாசிவம் ஓய்வுபெற்ற சில மாதங்களுள் கேரள ஆளுநரானபோது இதே வினா எழுந்தது.

விக்னேஸ்வரனின் வாழ்வு வேறு வகையானது. 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், 2001இல் உயர் நீதிமன்றத்துக்கும் உயர்ந்த அவர், 2004இல் ஓய்வுபெற்றார். வடமாகாண முதலமைச்சரானது 2013இல். அவருடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும் ஒன்பது ஆண்டுகள் கடந்தபின், மக்கள் வாக்கினால் வந்த பதவி அது. தீர்ப்பை எதிர்பார்த்து நின்ற அரசாங்கத்தின் கை அளித்ததன்று.

முதிர்ந்த அறிவை வீணாக்குவதா எனச் சிலர் கேட்பர். கற்பிக்கட்டும், எழுதட்டும், ஏழைக்குச் சட்டம் விளக்கட்டும். கௌரவமாக வாழப் போதிய ஓய்வூதியத்தை நாடு வழங்கட்டும். அரசாங்கப் பதவிக்கோ, சில ஆண்டுகளேனும் இடைவெளி சட்டத்தால் விதிக்கப்படல் வேண்டும்.

நாளை அம்மாணவிக்கு நாம் கூறப்போகும் விடை இது: நீதிபதி நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, பேருந்தில் வரும் அந்த ஏழையும் அதனை நம்பும்படி இருத்தல் வேண்டும்.