வெக்கை நோயும் வாய்மையும்

அச்சத்தினால் செய்யப்பட்ட நற்செயலுக்குப் புண்ணியம் உண்டா என்பது சமய சிந்தனையாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா. பலனை அவாவாது செய்யும் கர்மமே உத்தமம் என்னும் கீதையின் நெறியில் நிற்பவர்கள், அச்சமும் ஆதாயமும் கலந்த செயலை ஒரு படி தாழ்த்தியே மதிப்பர். வாயில்லாப் பிராணிகளின் பொருட்டுத் தேசங்கள் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வது எனக்கு உசிதமாகப் படுகிறது.

1920-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய திமில் மாடுகள், வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டபோது, அவற்றுடன் வந்த வெக்கை நோய் அத்தேசத்து மந்தைகளிலும் புகுந்தது. கடுங்காய்ச்சலும் வாய்ப்புண்ணும் ஓயாத கழிச்சலுமாகச் சில தினங்களிலேயே மாட்டைச் சாய்த்துவிடும் அந்நோய், அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் எத்தியோப்பியாவில் பரவியபோது, ஏர் பூட்ட மாடின்றி நிலம் தரிசாகி, பஞ்சம் மூண்டு, மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. ஆகவே 1921-இல் பல தேசத்து நிபுணர்கள் பாரிஸில் கூடினர். 1924 ஜனவரி 25-இல் 28 நாடுகள் கையெழுத்திட, இன்று உலக விலங்கு நல அமைப்பு என வழங்கும் ஸ்தாபனம் பிறந்தது.

இதைத் தோற்றுவித்தது ஜீவகாருண்யம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாணிபம் குலையுமே என்ற அச்சமே அவர்களைக் கூட்டியது. காப்பாற்றப்பட்ட மாடுகளில் பல கசாப்புக்கே சென்றன என்பதையும் மறைத்தல் தகாது. ஆயினும் அவ்வுடன்படிக்கையில் ஒரு விதி இருக்கிறது: நோயற்றிருந்த ஒரு பிரதேசத்தில் வெக்கையோ கோமாரியோ முதன்முதலாகக் காணப்பட்டால், அந்நாட்டு அரசாங்கம் அதனைத் தந்தி மூலம் அறிவித்தல் வேண்டும். அறிவித்த மாத்திரத்தில் அயல்நாடுகள் துறைமுகங்களை அடைக்கும், சந்தைகள் கலையும், ஏற்றுமதி நின்றுபோகும் என்பதை நன்கறிந்தும், தன் வீட்டு நோயைத் தானே ஊரறியச் சொல்லுவதற்கு ஒரு தேசம் ஒப்புக்கொள்வது எளிய காரியமன்று. வள்ளுவர் வாய்மையை இல்லறவியலில் வையாமல் துறவறவியலில் வைத்தார். சொல்லுபவனிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்ளும் மெய்ம்மொழிக்குத் துறவிகளோடு இடம் அளித்தது பொருத்தமென்றே எனக்குத் தோன்றுகிறது. அச்சத்தில் முளைத்த உடன்படிக்கையேயானாலும், அதன் நடுவில் இந்தத் துறவு இருக்கிறது.

அதன் பலனும் கண்கூடு. இந்தியாவின் முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் ஆட்டின் உடலில் ஏற்றி வலிமை குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசியும், பின்னர் வால்டர் பிளௌரைட் என்னும் விஞ்ஞானி கென்யாவில் கண்ட மேலான தடுப்பூசியும் பேருதவி புரிந்தன எனினும், நோய் எங்கே பதுங்கியிருக்கிறது என்று நாடுகள் சொல்லியிராவிடில் அவ்வூசிகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? 2011-இல் வெக்கை நோய் பூமியிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது.

ஆனால் மெய்யைக் கேட்பவனுக்கும் தர்மம் உண்டு. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம், தடைகள் விஞ்ஞான ஆதாரமுடையனவாக இருத்தல் வேண்டும் என்றும், நாட்டின் ஒரு பகுதியில் நோய் கண்டால் நோயில்லாத ஏனைய பகுதிகளைத் தனியே கருத வேண்டும் என்றும் கூறுகிறது. இதனை மீறி, உண்மை உரைத்த தேசத்தின் மேல் கதவுகள் அனைத்தையும் சாத்துகிறவன் அடுத்த தேசத்துக்குப் பொய்யைப் போதிக்கிறான். இந்நியாயம் தேசங்களோடு முடிவதுமன்று. நோய் கண்ட மந்தையை வெட்டிப் புதைக்க உத்தரவிடும் அரசாங்கம், இரண்டு மாடுகளே சொத்தாக உள்ள குடியானவனுக்கு அவற்றின் கிரயத்தைக் காலதாமதமின்றிக் கொடாவிடில், அவன் தன் தொழுவத்து நோயை ஒளித்து வைப்பதைக் குற்றமென்று சொல்ல எந்தச் சமயத்துக்கு வாய் வரும்?